காயம் ஆற எத்தனை பேர் வேண்டும்?

தில்லித் தமிழர்கள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போவது முருங்கைக்காய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் வஞ்சிரத்துக்கும்தான். அதே சந்துகளில் மலையாளிகள் மட்டா அரிசியும் நேந்திரங்காய் வறுவலும் வாங்குவார்கள். மணிப்பூர், நாகாலாந்துக்காரர்கள் மூங்கில் குருத்தும் கருவாடும் தேடுவார்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர்ச் சமையலின் வாசனையை விற்கும் இடம் அது. சந்தையை விட்டு வெளியே வந்து சுற்றுவட்டாரத்தைப் பார்த்தால் வேறொரு வரைபடம் கிடைக்கும். அரவிந்தர் மார்க்கில் தெற்கே போனால் ஒரு பக்கம் சஃப்தர்ஜங் மருத்துவமனை, எதிர்ப்பக்கம் எய்ம்ஸ். ரிங் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால், விபத்தில் அடிபட்டவர்களுக்கென்றே எய்ம்ஸ் நடத்தும் ஜெயப்பிரகாஷ் நாராயண் ட்ராமா சென்டர். சந்தைக்கு அருகே ஜி.பி.ஓ. வளாகத்தில், ஆயுர்வேதத்தையும் யோகத்தையும் நம் சித்த மருத்துவத்தையும் பார்த்துக்கொள்ளும் அமைச்சகத்தின் தலைமையகமான ஆயுஷ் பவன்.

சஃப்தர்ஜங் மருத்துவமனை போரில் பிறந்தது. 1942இல் நேச நாட்டுப் படைகளுக்கான மருத்துவமனையாகத் தொடங்கியது. 1954இல் இந்திய சுகாதார அமைச்சகத்தின் கைக்கு வந்தது. 1956இல் எய்ம்ஸ். எலும்பு முறிந்தவர்களுக்கும் தலையில் அடிபட்டவர்களுக்கும் தீக்காயக்காரர்களுக்கும் இந்த நாட்டில் இத்தனை ஏற்பாடு ஒரே இடத்தில் இருப்பது அரிது. ஆனால் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பட்டாசுச் சத்தம் கேட்டாலே உடம்பு வெலவெலத்துப் போகிறவர்களையும், இரவில் அலறி எழுகிறவர்களையும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவே பயப்படுகிறவர்களையும் இங்கே யார் பார்த்துக்கொண்டார்கள்? அதற்கு 1947இல் கிடைத்த பதில் வேறு, 1984இல் கிடைத்த பதில் வேறு. இன்று கிடைப்பது இன்னொன்று.

இந்த இடத்தின் பெயரிலேயே ஒரு மருத்துவரின் கதை இருக்கிறது. ஐ.என்.ஏ. என்பது இந்திய தேசிய ராணுவம். கடை முகவரிகளில் இன்றும் மோகன் சிங் மார்க்கெட் என்று எழுதுகிறார்கள்; 1942இல் சிங்கப்பூரில் அந்த ராணுவத்தை முதலில் திரட்டிய ஜெனரலின் பெயர் மோகன் சிங். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளிகள் அதில் ஏராளம். ஜான்சி ராணி படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய லட்சுமி சுவாமிநாதன், சென்னையில் பிறந்து மதராஸ் மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்ற டாக்டர். 1947 மார்ச்சில் பிரேம் செகாலை மணந்து கான்பூரில் குடியேறினார். பிரிவினை அகதிகள் அங்கே வந்து குவிந்தபோது அவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1971இல் வங்கதேச அகதிகளுக்காக மேற்கு வங்க எல்லைக்குப் போனார். 1984 நவம்பரில் சீக்கியர்களைத் தாக்கக் கும்பல்கள் கிளம்பியபோது கான்பூர்த் தெருவில் இறங்கி நின்றார். அடுத்த மாதமே, விஷவாயு கசிந்த போபாலுக்கு மருத்துவக் குழுவோடு போனார். தொண்ணூறு வயதை ஒட்டியும் காலையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

அவர் மனநல மருத்துவம் படித்தவரல்ல. பிரசவம் பார்த்த டாக்டர். ஆனால் அடிபட்ட மனிதருக்கு மருந்து கொடுப்பது, அவர் மேல் அடுத்த அடி விழாமல் தடுப்பது, அவரோடு நிற்பது என்ற மூன்றையும் ஒரே வேலையாகச் செய்தார். இன்று உடம்பையும் மனத்தையும் சேர்த்துப் பார்க்கும் முழுமைச் சிகிச்சை என்று பேசும்போது நான் முதலில் நினைப்பது இவரைத்தான். யோகா பாயைப் பிறகுதான் நினைக்கிறேன்.

தில்லிக்கு வந்து சேர்ந்த பிரிவினை அகதிகள் ஏறத்தாழ 5 லட்சம் பேர் என்கிறது 1951 மக்கள்தொகைக் கணக்கு. அதே கலவரக் காலத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் இந்த நகரத்தை விட்டுப் போனார்கள். போகக் காத்திருந்தவர்கள் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்திலும் அடைந்து கிடந்தார்கள். வந்தவர்கள் கிங்ஸ்வே முகாமில். முகாம்களில் காலரா ஊசி இருந்தது, ரேஷன் இருந்தது, காணாமல் போனவர்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. தூக்கம் வருகிறதா என்று கேட்க ஆள் இல்லை. மனநல மருத்துவம் என்றால் அன்று மதில் சூழ்ந்த ஆஸ்பத்திரிதான். அந்த ஆஸ்பத்திரி நோயாளிகளையும் நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன. 1950 முடிவில் லாகூரிலிருந்து நூற்றுக்கணக்கான இந்து, சீக்கிய நோயாளிகளை அமிர்தசரஸுக்கு அனுப்பினார்கள். இந்தப் பரிமாற்றத்தைச் சொல்லும் மண்டோவின் 'டோபா டேக் சிங்' கதை வெறும் கற்பனையில் பிறந்ததல்ல.

பஞ்சாபில் சாவு விழுந்தால் பெண்கள் கூடி நின்று மாரடித்து அழும் சியாப்பா என்ற வழக்கம் இருந்தது. நம் ஊர் ஒப்பாரியையும் மாரடிப்பையும் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட, துக்கம் ஒரு நெஞ்சிலேயே தங்கிவிடாமல் பல நெஞ்சுகளுக்குப் பிரிந்து போகும். 1947 அந்த ஏற்பாட்டையே அறுத்துவிட்டது. அழுவதற்கு உடல் இல்லை, எடுத்துக் கொடுக்கிறவளும் ஊரும் இல்லை. கடத்தப்பட்டு மீட்கப்பட்ட பெண்களுக்கோ தங்களுக்கு நடந்ததைச் சொல்லவே வாயில்லை. சொன்னால் குடும்பத்துக்கு இழுக்கு. எனவே வீடுகள் பேசாமல் இருந்தன. பேரப்பிள்ளைகள் பேச்செடுக்கும்வரை அந்த வாய் திறக்கவில்லை.

அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த மருந்து வேலை. கமலாதேவி சட்டோபாத்யாய 1948இல் தொடங்கிய இந்தியக் கூட்டுறவு ஒன்றியம் அகதிகளைக் கூட்டுறவுகளாகத் திரட்டியது. வடமேற்கு எல்லை மாகாணத்திலிருந்து வந்தவர்கள் ஃபரீதாபாத் நகரத்தைத் தாங்களே செங்கல் அடுக்கிக் கட்டினார்கள். பெண்களுக்குத் தையலும் பூத்தையலும் சொல்லிக்கொடுக்கும் கூடங்கள் வந்தன. தெற்கு தில்லியில் சந்தைகள் பல அகதிகளுக்கு ஒதுக்கிய கடைகளிலிருந்து வளர்ந்தவை. காலை ஐந்து மணிக்குக் கடையைத் திறந்து ராத்திரி பத்துக்கு மூடுகிறவனுக்குக் கெட்ட கனவு காண நேரமில்லை என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். அதில் உண்மை உண்டு. கையில் வேலை இருந்தால் உடம்புக்கு ஓர் ஒழுங்கு வரும். நாளைக்கு என்று ஒன்று இருக்கும். ஆனால் கடை மூடிய பிறகு வரும் ராத்திரியை வேலை பார்த்துக்கொள்ளாது. அலோக் சரின், சஞ்சீவ் ஜெயின் என்ற இரு மனநல மருத்துவர்கள் பிரிவினையின் உளவியல் தாக்கம் பற்றி ஒரு நூலைத் தொகுத்தார்கள். அது வெளிவந்தது 2018இல். துறை தன் பேச்சைத் தொடங்க எழுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

1984 அக்டோபர் 31 காலை இந்திரா காந்தி தன் சீக்கிய மெய்க்காப்பாளர்களால் சுடப்பட்டு எய்ம்ஸுக்குக் கொண்டுவரப்பட்டார். பகலெல்லாம் வாசலில் கூட்டம் சேர்ந்துகொண்டே இருந்தது. மாலையில் வெளிநாட்டுப் பயணத்தை முறித்துக்கொண்டு திரும்பிய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்கின் வண்டி மேல் கல் விழுந்தது. வழியில் போன சீக்கியர்களைப் பேருந்திலிருந்தும் ஸ்கூட்டரிலிருந்தும் இழுத்து அடிக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்து ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கமும் சரோஜினி நகர் பக்கமும் அது பரவியது. பெரும் கொலைகள் மறுநாள் யமுனைக்கு அப்பாலும் சுல்தான்புரி, மங்கோல்புரியிலும் நடந்தன. தொடக்கம் இந்தச் சாலைகளில். அரசுக் கணக்குப்படி தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டார்கள். உயிரைக் காக்க நாடே நம்பி வரும் ஆஸ்பத்திரி வாசலில் அது தொடங்கியது என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

அன்று, தப்பிப் பிழைத்தவர்கள் தங்கிய முகாம்களுக்குப் போனவர்கள் நாகரிக் ஏக்தா மஞ்ச் போன்ற குடிமக்கள் குழுக்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும். மானுடவியலாளர் வீணா தாஸ் சுல்தான்புரியில் பிழைத்த பெண்களோடும் குழந்தைகளோடும் நெடுங்காலம் வேலை செய்தார். அங்கே நடந்தது எதுவும் சிகிச்சை அறையில் நடப்பதுபோல் இல்லை. நஷ்டஈட்டுப் படிவம் நிரப்புவது, இறப்புச் சான்றிதழ் வாங்கித் தருவது, எரிந்த வீட்டில் என்ன மிஞ்சியது என்று கூடப் போய்ப் பார்ப்பது, குழந்தைகளை விளையாட வைப்பது, அழும்போது எழுந்து போகாமல் இருப்பது. 1990இல் வீணா தாஸ் தொகுத்த நூலில் இந்த அனுபவத்தை எழுதிய கட்டுரையின் தலைப்பே, அழுவது எங்கள் வேலை, கேட்பது உங்கள் வேலை என்ற பொருளில் அமைந்தது. பிழைத்தவர்கள் தாங்களே வகுத்த வேலைப் பிரிவினை அது. இன்றைய மனநலப் பாடத்திட்டங்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை அது இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது.

இன்னொன்றும் நடந்தது. 1984இன் விதவைகளின் பேச்சைக் கேட்கப் போனவர்களுக்கு அவர்களின் தாய்மாரும் பாட்டிமாரும் 1947ஐப் பேசுவது காதில் விழுந்தது. எழுத்தாளர் ஊர்வசி புட்டாலியா அப்படித் தொடங்கிய தேடல்தான் 1998இல் பிரிவினையின் மௌனங்களைப் பற்றிய நூலாக வந்தது. ஆறாத பழைய புண்ணைப் புதிய காயம் திறந்து காட்டிய மாதிரி.

சிகிச்சை என்ற பெயரில் அரசு முதலில் கையில் எடுத்தது போபாலை. விஷவாயு கசிந்தது 1984 டிசம்பர் 2 இரவு. தில்லிக் கொலைகளுக்கு ஒரு மாதம் கழித்து. பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் ஆர். சீனிவாசமூர்த்தி போன்றவர்கள் அங்கே போய், பொது மருத்துவர்களுக்கே மனநலச் சிகிச்சை சொல்லிக்கொடுத்தார்கள். நுரையீரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்கள், மூச்சுத் திணறல் என்று வருகிறவரிடம் பயமும் சேர்ந்திருக்கிறது என்று கற்றுக்கொண்டார்கள். 1996இல் போபாலில் திறந்த சம்பாவனா மருத்துவமனை இன்னும் ஒரு படி போனது: பிழைத்தவர்களுக்கு இலவசமாக நவீன மருத்துவம், ஆயுர்வேதம், யோகா மூன்றும் ஒரே கூரைக்கடியில், மூலிகைக்குச் சொந்தத் தோட்டம், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் சுகாதாரப் பணியாளர்கள். மாத்திரை மேல் மாத்திரை விழுங்கிச் சோர்ந்த உடம்புகளுக்கு நச்சு குறைந்த வழி ஒன்று வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்தது அது. நான் அறிந்த வரையில் முழுமை என்ற சொல்லை நியாயமாகப் பயன்படுத்தத் தகுந்த இந்திய மருத்துவமனைகளில் அது முன்வரிசையில் நிற்கும்.

உலக அரங்கில், மனக்காயம் விட்டுப்போகும் பி.டி.எஸ்.டி. (PTSD) என்ற நோய்க்கு முறையான இடம் கிடைத்ததே 1980இல்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலையைப் பார்த்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நடந்து முடிந்தது மீண்டும் நடப்பதுபோல் கண்முன் வருவது, அதை நினைவூட்டும் இடங்களைத் தவிர்ப்பது, எப்போதும் விழிப்பாகவே இருப்பது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது என்று அறிகுறிகளை வரிசைப்படுத்தினார்கள். 1992இல் மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் குணமாகும் வழியை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்தலும் துக்கமும், அதற்குப் பிறகு மனிதர்களோடு மறுபடி சேர்தல். இந்த வரிசை முக்கியம். பாதுகாப்பு வராமல் பேச வைத்தால் புண்ணைக் கிளறுவதுதான் மிச்சம். பேரிடர் நடந்த சூட்டோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் செய்யும் முறை ஒரு காலத்தில் உலகமெங்கும் பரவியிருந்தது. அது உதவுவதில்லை, சிலருக்குக் கேடும் செய்யும் என்று ஆய்வுகள் காட்டிய பிறகு, உலக சுகாதார நிறுவனம் அதை வேண்டாம் என்றது. அதற்குப் பதிலாக, தண்ணீர், போர்வை, உறவினர் எங்கே என்ற தகவல், அருகில் ஒரு நிதானமான மனிதர் என்று தொடங்கும் முதலுதவியைப் பரிந்துரைக்கிறார்கள். நம் ஊரில் விபத்து நடந்த இடத்தில் ஒரு பாட்டி சோடா வாங்கிக் கொடுத்து, ஒண்ணுமில்ல சாமி, நான் இருக்கேன் என்று முதுகைத் தடவுவாரே, அதைத்தான்.

உடம்பின் பங்கு இதில் பெரிது. ஆபத்து கடந்து போனாலும் உடம்புக்கு அது போய்விட்டதாகத் தெரிவதில்லை; இதயம் படபடக்கும், வயிறு இறுகும், மூச்சு மேலோட்டமாகவே ஓடும். அந்த நிலையில் இருப்பவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை. மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விட்டால் படபடப்பு இறங்கும். இறங்கினால்தான் பேச்சு ஏறும். மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட சோதனையில், வேறு சிகிச்சைகள் பலன் தராத 64 பெண்களில் ஒரு பாதிக்கு 10 வாரம் யோகப் பயிற்சியும் மறு பாதிக்கு உடல்நலப் பாடமும் கொடுத்தார்கள். முடிவில் யோகம் செய்தவர்களில் 52 சதவீதம் பேர் நோயின் வரையறைக்கு வெளியே வந்திருந்தார்கள். மற்றவர்களில் 21 சதவீதம். எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடியதல்ல.

நமக்கு இன்னும் பக்கத்து எடுத்துக்காட்டு நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அகதி முகாம்கள் ஐந்தில் இருந்த 183 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு மூச்சுப் பயிற்சி, ஒரு குழுவுக்கு மூச்சுப் பயிற்சியோடு நடந்ததைப் பேசும் சிகிச்சை, ஒரு குழு காத்திருப்பில். பயிற்சி பெற்ற இரு குழுக்களுக்கும் அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. முகாம் முகாமாகப் பிரித்தார்கள், தனி ஆள்களைக் குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை என்பது அந்த ஆய்வின் பலவீனம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்த மனிதர்கள் ஒரே குப்பத்துச் சனம். மூச்சை இழுத்து விட்டது தனித்தனி அறையில் அல்ல. பறிகொடுத்த அண்டை வீட்டாரோடு சேர்ந்து உட்கார்ந்து. பயிற்சி முடிந்தால் திரும்பிப் போக ஒரு கூட்டம் இருந்தது.

இதைத் தமிழில் யாராவது தெளிவாகச் சொல்லியிருந்தால் அது யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போர் நடந்துகொண்டிருந்தபோதே அங்கே மருத்துவம் பார்த்தவர். 1998இலும் 2014இலும் வந்த அவருடைய இரு நூல்களில் முதலாவது வடுப்பட்ட மனங்களைப் பற்றியது, இரண்டாவது வடுப்பட்ட சமூகங்களைப் பற்றியது. அந்த நகர்வில் அவருடைய கருத்தே அடங்கியிருக்கிறது: போர் தனி மனிதனை மட்டும் காயப்படுத்துவதில்லை, ஊர் என்ற பின்னலையே அறுக்கிறது; எனவே ஊரையும் சேர்த்துத்தான் குணப்படுத்த வேண்டும். தளர்வுப் பயிற்சி தரும்போது சைவருக்கு ஓம், கிறிஸ்தவருக்கு ஜெபமாலை, முஸ்லிமுக்கு அவருடைய தியானச் சொல், பௌத்தருக்கு அவருடைய சரணம் என்று அவரவர் வழிபாட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துச் சாந்திகம் போன்ற நிலையங்கள் உள ஆற்றுப்படுத்தலைத் தமிழ் மொழியில், தமிழ்க் குடும்பங்களுக்குப் பொருந்துகிற மாதிரி வளர்த்தன. காணாமல் போனவர்களின் வீடுகளில் மட்டும் எல்லா முறைகளும் தடுமாறின. உடல் கிடைக்காமல் அந்தியேட்டி என்ற இறுதிச் சடங்கை எப்படிச் செய்வது? செய்தால் பிள்ளை இறந்துவிட்டான் என்று தாயே ஒப்புக்கொண்டதாகிவிடும். மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்லும் பெண்களிடம் தாய்மார் போய் நின்றார்கள் என்று மானுடவியலாளர் பட்ரீசியா லாரன்ஸ் எழுதியிருக்கிறார். மூடநம்பிக்கை என்று தள்ளிவிட அவருக்கு மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. ராணுவத்துக்குப் பயந்து வெளியே சொல்ல முடியாததை, அழுது சொல்ல அங்கே ஓர் இடம் இருந்தது.

ஐ.என்.ஏ. வட்டாரத்துக்குத் திரும்பினால், நாற்பது ஆண்டுகளில் அது அடையாளம் தெரியாமல் மாறியிருக்கிறது. சந்தைக்கு எதிரே 1994இல் தில்லி ஹாட் வந்தது. 1947இன் அகதிப் பெண்களுக்குச் சோறு போட்ட பூத்தையல் இப்போது அங்கே கடை விரிக்கிறது. 2010இல் மெட்ரோ வந்தது, 2018இல் இரண்டாவது தடமும் சேர்ந்தது. தமிழ் அரசு ஊழியர்கள் பலர் குடியிருந்த கிழக்கு கித்வாய் நகரின் தாழ்ந்த குவார்ட்டர்ஸ்களை இடித்துக் கோபுரங்கள் எழுப்பிவிட்டார்கள். நேதாஜி நகர், சரோஜினி நகரிலும் அதே வேலை. முற்றத்தில் அப்பளம் உலர்த்தியபடி எதிர்வீட்டு மாமியின் முகத்தைப் பார்த்தே என்னவோ சரியில்லை என்று கண்டுபிடித்த வாழ்க்கை அந்தக் குவார்ட்டர்ஸ்களோடு போயிற்று. அதை மிகைப்படுத்த வேண்டாம்; அந்த முற்றங்களில் வம்பும் இருந்தது, சொல்ல முடியாத அடி உதையும் இருந்தது. ஆனாலும் ஒரு கண் இருந்தது.

காயங்களும் நிற்கவில்லை. 2005 அக்டோபர் 29, தீபாவளிக் கூட்டத்தில் சரோஜினி நகர் மார்க்கெட்டில் குண்டு வெடித்தது. தில்லியில் அன்று மூன்று இடங்களில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் சிதைக்கப்பட்ட மாணவியைக் கொண்டுவந்தது சஃப்தர்ஜங்குக்குத்தான். 2020இல் ட்ராமா சென்டரே கொரோனா மருத்துவமனையானது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தச் சாலைகளில் ஆக்சிஜன் தேடி அலைந்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். 2023 மே மாதம் மணிப்பூர் பற்றி எரிந்தபோது, இங்கே மூங்கில் குருத்து வாங்க வரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஊரில் வீடே இல்லாமல் போயிருக்கும்.

மாறிய நல்லதைச் சொல்ல வேண்டும். 1995இல் தனித் துறையாகத் தொடங்கிய இந்திய மருத்துவ முறைகள் 2003இல் ஆயுஷ் என்ற பெயர் பெற்று, 2014 நவம்பரில் தனி அமைச்சகமாயின. எய்ம்ஸ் வளாகத்துக்குள்ளேயே யோகத்தையும் ஆயுர்வேதத்தையும் நவீன முறைகளோடு சேர்த்துச் சோதிக்கும் மையம் இயங்குகிறது. 2017இன் மனநலச் சட்டம் மனநலச் சிகிச்சையைக் குடிமகனின் உரிமை என்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணை யாரும் காசில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 1947இல் யாருமே கேட்காத கேள்வியைக் கேட்க இன்று ஓர் எண் இருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே பெரிய விஷயம்.

கவலையும் அங்கேதான் தொடங்குகிறது. மனக்காயத்தை ஆற்றுகிறோம் என்று வார இறுதி முகாம்களும் கல், வாசனை எண்ணெய், ஒலிக்கிண்ணம் என்று பொட்டலங்களும் தெற்கு தில்லி எங்கும் விற்கின்றன. நடத்துகிறவருக்கு என்ன பயிற்சி என்று கேட்பவர் குறைவு. கண்ணை மூடித் தியானம் செய்யச் சொன்னால் சிலருக்கு அமைதி வராது. மூடிய கண்ணுக்குள் அந்த ராத்திரியே வந்து நிற்கும். அதைக் கவனித்து, கண்ணைத் திறங்கள், காலைத் தரையில் ஊன்றுங்கள், இந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லுங்கள் என்று மீட்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். மருத்துவ உளவியலாளர்களுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு உண்டு. கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம், முழுமை சுருங்கிவிட்டது என்பது. உடம்பு, மனம், ஆன்மா என்று மூன்றைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். வீடு எங்கே? கூலி எங்கே? வழக்கு எங்கே? திலக் விஹாரில் 1984இன் விதவைகளைக் குடியமர்த்தினார்கள். தகப்பனைக் கண்ணெதிரே எரித்ததைப் பார்த்த பையன்களில் பலர் வளர்ந்து போதையில் விழுந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு வீடும் ஒரு பியூன் வேலையும் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்று அரசு நினைத்தது. அந்தப் பையன்களின் ராத்திரிகள் எந்தப் படிவத்திலும் இல்லை. இன்று வரும் முறைகள் அந்த ராத்திரியைப் பிடித்துக்கொண்டு படிவத்தை விட்டுவிடுகின்றன. கொடுமையைச் செய்தவன் அதே தொகுதியில் மாலை போட்டுக்கொண்டு நடமாடும்போது, பாதுகாப்பு என்ற முதல் கட்டமே வராது. அது வராமல் மூச்சுப் பயிற்சி எவ்வளவு தூரம் போகும்? காங்கிரஸின் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு தில்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018 டிசம்பர் 17. கொலை நடந்து 34 ஆண்டுகள். சாட்சி சொன்ன பெண்கள் அத்தனை ஆண்டும் கோர்ட்டுக்கு நடந்தார்கள். அந்த நடையில் அவர்களோடு யார் போனார்கள், முந்தின இரவு தூங்கினார்களா, குறுக்கு விசாரணை முடிந்து வெளியே வந்ததும் தண்ணீர் கொடுக்க ஆள் இருந்ததா என்பதெல்லாம் சிகிச்சையின் பகுதி இல்லையென்றால் வேறு எது பகுதி?

இப்போதும் எய்ம்ஸ் வாசலிலும் மெட்ரோ நிலையப் படிகளுக்கு அருகிலும் நடைபாதையில் படுத்திருப்பவர்களைப் பார்க்கலாம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நோயாளியைக் கொண்டுவந்தவர்கள். உள்ளே மகன் கிடக்க, வெளியே கொசுவலைக்குள் தகப்பன். லாரி மோதிய பிள்ளையைக் கையில் ஏந்தி வந்தவர் அவர். பிள்ளையின் தலைக்கு ஸ்கேன் உண்டு, தகப்பனுக்குப் படுக்கக்கூட இடமில்லை. ஆயுஷ் பவனிலிருந்து அந்த நடைபாதைக்கு நடந்தே போகலாம். மூச்சுப் பயிற்சி தெரிந்தவர்கள் ஒரு பக்கம், மருந்து தெரிந்தவர்கள் மறுபக்கம், இந்தியாவின் எல்லா மொழிக்காரர்களுக்கும் அவரவர் சோற்றுக்கு வேண்டியதை விற்கத் தெரிந்த ஒரு சந்தை நடுவில். இரவு தங்க இன்னும் பல கூடங்கள், அந்தக் கூடங்களில் போஜ்புரியும் ஒடியாவும் வங்காளமும் தமிழும் பேசுகிற, உட்கார்ந்து கேட்கப் பயிற்சி பெற்ற ஆட்கள், டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம் மாதம் ஊருக்கு ஒரு போன், நஷ்டஈட்டு வழக்குக்கு ஒரு வக்கீல் என்று நான்கையும் ஒரே சீட்டில் எழுதித் தர இந்த வட்டாரத்தில் ஆளும் அறிவும் இருக்கிறது. அதற்கு இன்னும் உத்தரவு வரவில்லை.